வாரம் இரண்டு நாள் இலவச வேலை: எம்.எஸ்.டபிள்யூ மாணவர்களின் பஸ் காசை யார் கொடுப்பது?

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரியான மறுகுடியமர்வுப் பகுதிகள். இங்கெல்லாம் வாரத்தில் இரண்டு நாள் கழுத்தில் ஐடி கார்டும் கையில் நோட்டுமாக நாலைந்து இளைஞர்கள் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 'காலேஜ் பசங்க, ஏதோ சர்வே போல' என்று தாண்டிப் போயிருப்போம்.

அவர்களில் பெரும்பாலானவர்கள் எம்.எஸ்.டபிள்யூ, அதாவது முதுநிலை சமூகப்பணி படிப்பவர்கள். அவர்கள் செய்வது சர்வே இல்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்ட நோயாளியின் வீட்டைத் தேடிப் போய்ப் பேசுவது, இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த குழந்தை ஏன் சாப்பிட மறுக்கிறது என்று மெல்ல விசாரிப்பது, விதவை ஓய்வூதிய விண்ணப்பம் எந்த மேஜையில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பது. இதற்குப் பெயர் ஃபீல்ட் வொர்க். தமிழில் களப்பணி.

இந்த வேலைக்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சரி, படிக்கிற பிள்ளைகள்தானே, சம்பளம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அங்கே போய்வரும் செலவும் அவர்கள் கையிலிருந்துதான் போகிறது. கல்லூரிக் கட்டணத்துக்கு உதவித்தொகை கிடைக்கும் மாணவருக்குக்கூட இந்தச் செலவுக்கென்று தனியாக யாரும் எதுவும் தருவதில்லை. இந்த ஓட்டையை அடைக்காமல் 'சமூகப்பணியாளர்கள் போதவில்லை' என்று பேசுவதில் அர்த்தமே இல்லை என்பது என் கருத்து.

ஃபீல்ட் வொர்க்கில் அப்படி என்ன செலவு?

எம்.எஸ்.டபிள்யூ இரண்டு வருடப் படிப்பு. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்தில் இரண்டு முழு நாட்கள் களப்பணி. அது போக, ஒரு கிராமத்தில் தங்கி நடத்தும் ரூரல் கேம்ப், செமஸ்டர் முடிவில் தொடர்ச்சியாகச் சில வாரங்கள் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிளாக் பிளேஸ்மென்ட். ஒவ்வொரு களப்பணி நாளுக்கும் ரிப்போர்ட் எழுத வேண்டும். யாரிடம் என்ன பேசினோம், அவர் என்ன சொன்னார், நாம் ஏன் அப்படிப் பதில் சொன்னோம் என்று விரிவாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். லீவு போட்டால் அந்த நாளை இன்னொரு நாளில் ஈடுகட்ட வேண்டும்.

ஒரு செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்று வைத்தால், நாலு செமஸ்டருக்கு 120 நாட்கள். போக வர பஸ், ஸ்டாப்பிலிருந்து உள்ளே போக ஷேர் ஆட்டோ, மதியச் சாப்பாடு, ஒரு டீ, ரிப்போர்ட் பிரிண்ட் அவுட். எல்லாம் சேர்த்து நாளைக்கு 150 ரூபாய் என்று குறைத்தே கணக்குப் போடுவோம். 18,000 ரூபாய் ஆகிறது. இதில் கேம்ப் செலவோ பிளாக் பிளேஸ்மென்ட்டுக்கு வெளியூரில் தங்கும் வாடகையோ சேரவில்லை.

மாதம் ஐம்பதாயிரம் வாங்கும் நமக்கு 18,000 பெரிய தொகையாகத் தெரியாது. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து, நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒரு மாணவரை நினைத்துப் பாருங்கள். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் சர்வீஸுக்குப் போவார். மற்ற நாட்களில் சாயங்காலம் டெலிவரி ஓட்டுவார். களப்பணி நாளில் காலையில் கிளம்பி இரவு ரூமுக்கு வந்து சேர்ந்தால், அன்றைக்கு அந்த வருமானமும் போச்சு. கைக்காசு செலவாவது ஒரு பக்கம், சம்பாதிக்க முடியாமல் போவது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிய அடி. அதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

பெண்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு கல்வி உதவித்தொகைத் திட்டம் செய்யாததை அந்தப் பேருந்துத் திட்டம் ஓசையில்லாமல் செய்துகொண்டிருக்கிறது என்றே சொல்வேன். ஆண்களுக்கு அது இல்லை. மாணவர் பஸ் பாஸ் இருக்கிறதே என்றால், அது வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழித்தடத்துக்கு. களப்பணி நடக்கும் இடம் அநேகமாக வேறு திசையில் இருக்கும்.

ஸ்காலர்ஷிப் இல்லையா?

இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முக்கியமானது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதன் செலவில் ஒன்றிய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் ஏற்பது என்று 2021-ல் மாற்றி அமைக்கப்பட்டது. கட்டணம் திரும்பக் கிடைக்கும், பராமரிப்புப் படி என்று ஒரு சிறு தொகையும் வரும். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் தாமதமாக, வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் பணத்தை வைத்து இந்த வாரம் பஸ் ஏற முடியாது.

தாமதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உதாரணம் வேண்டுமென்றால் 2018 பிப்ரவரிக்குப் போகலாம். மும்பையில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936-ல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் சமூகப்பணியை ஒரு படிப்பாகக் கொண்டுவந்த முதல் நிறுவனம் அதுதான். அதன் மும்பை, துல்ஜாபூர், குவஹாத்தி, ஹைதராபாத் வளாகங்களில் அந்த மாதம் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் போராடினார்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தகுதியான பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களும் விடுதி, மெஸ் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும் என்று சொல்லப்பட்டதுதான் காரணம். அரசிடமிருந்து பணம் வந்தபிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், அதுவரை யார் கொடுப்பது? அந்தக் கேள்வி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் வந்தன. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகிறவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். நல்ல திட்டங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் முதல் பட்டத்தோடு நின்றுவிடும். பி.ஏ. முடிக்கும்வரை மாதா மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு, எம்.எஸ்.டபிள்யூ சேர்ந்த மாதத்திலிருந்து வராது. செலவு கூடும் நேரத்தில் உதவி நிற்கிறது.

ஒன்றிய அரசின் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் தருகிறார்கள். அதில் முழுநேர மாணவர்கள் சேர முடியாது. பட்டதாரி அப்ரன்டிஸ்களுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019-ல் விதி திருத்தப்பட்டது. அந்தத் தொகையில் ஒரு பங்கை அரசே தருகிறது. எம்.எஸ்.டபிள்யூ களப்பணி அப்ரன்டிஸ் கணக்கில் வராது. கேட் தேர்வு எழுதி எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஸ்டைபண்ட் உண்டு. சமூகப்பணிக்குள்ளேயே மனநலச் சமூகப்பணியில் மேற்படிப்புக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் போனால் அங்கே உதவித்தொகை உண்டு. ஆக, படிக்கும்போதே வேலையும் பார்க்கிறவர்களுக்குப் பணம் கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதில்லை. எம்.எஸ்.டபிள்யூவை மட்டும் எல்லாத் திட்டமும் ஒரு முழம் தள்ளியே நிறுத்தியிருக்கிறது.

'சேவை பண்ண வந்தவங்களுக்குக் காசு எதுக்கு?'

இந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்பவர்கள் உண்டு. காரணம் இந்தப் படிப்பு பிறந்த விதத்தில் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் மேரி கிளப்வாலா ஜாதவ். கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பின் மூலம் ஏராளமான பெண்களைத் தன்னார்வச் சேவைக்கு அழைத்துவந்தவர். பெரிய மனுஷி, பெரிய வேலை. ஆனால் தன்னார்வச் சேவை என்பது சாயங்காலச் சாப்பாட்டைப் பற்றிக் கவலை இல்லாதவர்களால்தான் நிறைய செய்ய முடியும். அந்தச் சேவை மரபிலிருந்து வளர்ந்த படிப்புக்குள் இன்றைக்கு வருகிறவர்கள் யார்? சலவைத் தொழிலாளியின் மகள், மீனவர் வீட்டுப் பையன், தன் வீட்டிலேயே முதல் பட்டதாரி. ஆள் மாறிவிட்டார், விதி மாறவில்லை. களப்பணிச் செலவை வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்ற பழைய நினைப்பிலேயே பாடத்திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்டைபண்ட் வாங்குவதால் ஹவுஸ் சர்ஜனின் சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது என்று யாராவது சொல்கிறோமா?

இதில் நஷ்டம் மாணவருக்கு மட்டும் என்றால்கூடப் பேசாமல் இருந்துவிடலாம். காசு இல்லாத மாணவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முதலில், கல்லூரிக்குப் பக்கத்தில் உள்ள ஏஜென்சியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். தூரத்தில் இருக்கும் இருளர் குடியிருப்புக்கோ செங்கல் சூளைக்கோ போக ஆள் குறைகிறது. அடுத்து, ஸ்பெஷலைசேஷன் எடுக்கும்போது ஹெச்.ஆர். பக்கம் போகிறார். தப்பு சொல்ல முடியாது. தொழிலாளர் நலம் இந்தப் படிப்பின் பழைய கிளைதான். 500 தொழிலாளர்களுக்கு மேல் உள்ள ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஆனால் குழந்தைகள் நலமோ மனநலமோ எடுக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டவரும் ரூம் வாடகையை நினைத்துக் கம்பெனி வேலைப் பக்கம் திரும்பும்போது, அந்த நஷ்டம் எங்கே போய் விழுகிறது என்று யோசிக்க வேண்டும்.

சிறார் நீதிச் சட்டத்தின்படி, சட்டத்துக்கு முரண்பட்ட ஒரு சிறுவன் வாரியத்தின் முன் கொண்டுவரப்பட்டால் அவன் குடும்பம், பள்ளி, சூழ்நிலை எல்லாம் விசாரித்து 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். நன்னடத்தை அலுவலர் இல்லையென்றால் குழந்தை நல அலுவலரோ ஒரு சமூகப்பணியாளரோ அதை எழுத வேண்டும். அந்த வாரியத்திலேயே மாஜிஸ்திரேட்டோடு உட்காரும் இரண்டு பேர் சமூகப்பணியாளர்கள். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தோடு உறுப்பு தானம் பற்றிப் பேசும் ஒருங்கிணைப்பாளர் பணிக்கும் எம்.எஸ்.டபிள்யூ முடித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. இதெல்லாம் அனுபவம் இல்லாமல் செய்கிற வேலையா? பதினாறு வயதுப் பையனின் எதிர்காலம் தொங்கும் அறிக்கையை எழுதப்போகிறவர், படிக்கும் காலத்தில் அப்படிப்பட்ட ஒரு தெருவில் ஒழுங்காக நடந்து பழகியிருக்க வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. இல்லத்துக் குழந்தைகள் நாள் எண்ணுவார்கள். 'வியாழக்கிழமை அக்கா வருவாங்க' என்று காத்திருக்கும் குழந்தைக்கு, பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் அக்கா வரவில்லை என்பது தெரியாது. ஏற்கெனவே பெரியவர்கள் விட்டுப்போன குழந்தைக்கு, இவரும் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

ஒரு வேடிக்கையான கணக்கு

படிப்பை முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப்பணியாளருக்கான மாதத் தொகுப்பூதியம், மிஷன் வாத்சல்யா திட்டத்தின்படி 18,536 ரூபாய். ஒப்பந்த வேலை. பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 2,22,432. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கான வருமான வரம்பு 2.5 லட்சம் என்று மேலே பார்த்தோம். அதாவது, இரண்டு வருடம் கைக்காசு போட்டுப் படித்து, அரசுத் திட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்த ஒருவரின் முழுச் சம்பளமும், ஏழை மாணவர் என்று அரசே வகுத்த கோட்டுக்குக் கீழே நிற்கிறது. கல்விக் கடன் வாங்கிப் படியுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

வேறு எங்காவது செய்கிறார்களா?

ஆஸ்திரேலியாவில் சமூகப்பணி மாணவர்கள் 1,000 மணி நேரம் களப்பயிற்சி முடிக்க வேண்டும். அதற்காகப் பார்ட் டைம் வேலையை விட்டுவிட்டு வாடகை கட்ட முடியாமல் தவிப்பதை அங்கே 'பயிற்சிக் கால வறுமை' என்றே பெயர் வைத்துப் பேசினார்கள். மாணவர்கள் பல வருடம் குரல் கொடுத்த பிறகு, 2025 ஜூலை 1-லிருந்து ஆசிரியர், செவிலியர், மகப்பேறு செவிலியர், சமூகப்பணி மாணவர்களுக்குப் பயிற்சி நடக்கும் வாரங்களில் வாரத்துக்கு 300 டாலருக்கு மேல் அரசு தருகிறது. வருமானம் பார்த்துத்தான் தருகிறார்கள். குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டால் இது போதாது என்று மாணவர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். செவிலியரும் சமூகப்பணியாளரும் அந்தத் திட்டத்தில் ஒரே வரிசையில் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இங்கிலாந்தில் சமூகப்பணிக்கென்றே தனி உதவித்தொகை பல வருடங்களாக உண்டு. எல்லோருக்கும் கிடைக்காது, எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கிறது. தொகையைப் பல வருடம் ஏற்றாமல் அப்படியே வைத்திருந்தார்கள் என்ற கோபமும் அங்கே இருக்கிறது. ஆனால் அதற்குள் களப்பயிற்சிப் பயணப்படி என்று 862.50 பவுண்டு தனியாக ஒதுக்கியிருந்தார்கள். பயணச் செலவு என்று ஒன்று உண்டு என்பதை ஒரு அரசுக் காகிதம் ஒப்புக்கொள்கிறது. நம்மூரில் அந்த ஒரு வரிக்குத்தான் இன்னும் வழியில்லை.

சரி, யார் கொடுப்பது?

மாணவரை வேலை வாங்கும் தொண்டு நிறுவனம் கொடுக்கட்டும் என்பது முதலில் தோன்றும் பதில். நடக்காது. பெரும்பாலான சிறு நிறுவனங்கள் அடுத்த மாதச் சம்பளத்துக்கே வழி தேடிக்கொண்டிருப்பவை. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக 2020-ல் குறைக்கப்பட்ட பிறகு அவர்கள் கை இன்னும் கட்டுப்பட்டுவிட்டது. அவர்கள் மேல் சுமத்தினால், மாணவர்களே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

மாநில அரசிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம். இந்த மாணவர்களின் உழைப்பு நிறையப் போய்ச் சேருவது அரசு மருத்துவமனைகளுக்கும் அரசு இல்லங்களுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும்தான். களப்பணி நாளுக்கு 250 ரூபாய் என்று வைத்தால், ஒரு மாணவருக்கு 120 நாட்களுக்கு 30,000. ஆயிரம் மாணவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு வருடத்துக்கு 3 கோடி. ஒரு மேம்பாலத் தூணுக்குப் பூசும் பெயின்ட் செலவோடு ஒப்பிட எனக்கு ஆசைதான், அந்தக் கணக்கு கையில் இல்லாததால் விட்டுவிடுகிறேன்.

யார் போனார்கள், யார் போகவில்லை என்று பார்க்கப் புது அதிகாரிகளும் வேண்டாம். ஒவ்வொரு களப்பணி நாளுக்கும் ஏஜென்சி சூப்பர்வைசரும் கல்லூரிப் பேராசிரியரும் கையெழுத்துப் போட்ட வருகைத் தாள் ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்து மாதா மாதம் வங்கிக் கணக்கில் போட்டால் போதும். மாதா மாதம் என்பது இதில் முக்கியம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களைக் கட்டாயக் களப்பணி உள்ள முதுநிலைப் படிப்புகளுக்கு நீட்டிப்பது இன்னொரு வழி. களப்பணி இடத்துக்கும் செல்லும்படி பஸ் பாஸில் ஒரு வழித்தடம் சேர்ப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். நிதியும் இருக்கிறது. சட்டப்படி கல்விக்கு அதைச் செலவழிக்கலாம். சி.எஸ்.ஆர். பிரிவுகளிலேயே எம்.எஸ்.டபிள்யூ முடித்தவர்கள் நிறைய வேலை பார்க்கிறார்கள். உங்கள் ஆபீஸில் அப்படி யாராவது இருந்தால், அவர் படித்த காலத்தில் களப்பணிக்கு எப்படிப் போய் வந்தார் என்று ஒரு டீ நேரத்தில் கேட்டுப் பாருங்கள்.

மருத்துவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இருப்பது போல இந்தியாவில் சமூகப்பணியாளர் அனைவருக்குமான சட்டபூர்வ கவுன்சில் இன்னும் வரவில்லை. 2021-ன் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்களை மட்டும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆணையம் பயிற்சித் தரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பயிற்சிக் கால உதவித்தொகையையும் சேர்த்துக் கேட்க மாணவர் அமைப்புகளுக்கு இது ஒரு பிடி.

இந்த வருடம் எம்.எஸ்.டபிள்யூ சேரப்போகிறவர்கள் அட்மிஷன் நேரத்திலேயே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். நீங்கள் சேர்வது அரசு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? ரூரல் கேம்ப், ஸ்டடி டூர் கட்டணம் மொத்தக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா? ஏஜென்சியை யார் தேர்ந்தெடுப்பது, தூரத்தைக் காரணம் சொல்லி மாற்றிக் கேட்கலாமா? பழைய மாணவர் சங்கத்தில் களப்பணிச் செலவுக்கு நிதி ஏதாவது இருக்கிறதா? உதவித்தொகை வரும்வரை கட்டணம் கட்ட அவகாசம் தருவார்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நாளைக்கு இன்னொருவருக்காகத் தாலுகா ஆபீஸில் நின்று இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்கத்தானே படிக்கப் போகிறீர்கள்.